நேர்த்தையல் வந்தால் போதும்: பாவாடையும் சுருக்குப்பையும் வீட்டிலேயே தைக்க முழு வழிகாட்டி

மெஷின் வாங்கிய கையோடு எல்லோரும் முதலில் வெட்டுவது ஜாக்கெட் துணியைத்தான். கழுத்து வளைவு, கை வளைவு, டாட், கொக்கிப் பட்டி என்று கஷ்டமான எல்லாமே அந்த ஒரு மீட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு துணி வீணானதும் மனசு விட்டுப்போகும். மெஷின் மேல் ஒரு விரிப்பு, அதன் மேல் மடித்த துணிகள், அப்புறம் அது ஒரு மேஜை. காரிமங்கலம் பக்கம் எங்கள் தெருவிலேயே இப்படி மூன்று வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: பாவாடையில் ஆரம்பியுங்கள். பாவாடை என்பது அடிப்படையில் ஒரு நீள்சதுரத் துணி. நேராக ஒரு தையல் போட வந்தால் பிள்ளைக்குப் பாவாடை, உங்களுக்கு உள்பாவாடை, சந்தைக்குப் பை, பாட்டிக்குச் சுருக்குப்பை எல்லாம் தைத்துவிடலாம். வரைபடம் வேண்டாம், பேப்பர் கட்டிங்கும் வேண்டாம். டேப்பும் கொஞ்சம் கணக்கும் இருந்தால் சரி.

மெஷினும் சாமான்களும்

புது மெஷின்தான் வேண்டும் என்றில்லை. மிதி வைத்த பழைய கறுப்பு மெஷின் காட்டன் துணியில் போடும் நேர்த்தையலுக்கு இன்றைக்கும் ஈடு கிடையாது. பழையது வாங்கும்போது ஒரு துண்டுத் துணியை நான்காக மடித்துத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேல் பக்கமும் அடிப் பக்கமும் தையல் ஒரே மாதிரி விழ வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் எங்கும் இடிக்காமல் ஓட வேண்டும்.

வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். சமூக நலத் துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். வருமான, வயது வரம்பு உண்டு. தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்ற சாமான்கள் குறைவுதான். துணிக்கென்றே தனியாக ஒரு கத்தரிக்கோல் வேண்டும். அதில் பேப்பர் வெட்டவே கூடாது, முனை மழுங்கிவிடும். இன்ச் டேப், குண்டூசி, ஒரு பெரிய ஊக்கு, தையல் பிரிக்கப் பழைய பிளேடு, நீளமான ஸ்கேல். கோடு போட சாக்பீஸ் இருந்தால் சரி, இல்லையென்றால் கரைந்து மெலிந்த சோப்பு வில்லையே நன்றாகக் கோடு போடும், துவைத்தால் போயும்விடும். ஊசியில் 14ஆம் எண் சாதாரண காட்டனுக்கு, 16 காடா, கேன்வாஸ் மாதிரி தடித்த துணிக்கு, 11 மெல்லிய துணிக்கு.

இன்னொன்று இஸ்திரிப் பெட்டி. இதை யாரும் தையல் சாமானாகவே நினைப்பதில்லை. ஆனால் கடையில் தைத்த பாவாடைக்கும் வீட்டில் தைத்ததற்கும் கண்ணில் தெரிகிற வித்தியாசத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தையல் போட்டதும் அதன் மேல் ஒரு தடவை இஸ்திரி போட்டுவிட்டு அடுத்த தையலுக்குப் போனால் மடிப்பு படியும், ஓரம் நேராக நிற்கும்.

துணிக்கு முன் பேப்பர்

பிள்ளைகளின் பழைய கோடு போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். மெஷினில் நூல் கோக்காமல் வெறும் ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். ஓட்டைகள் கோட்டின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். நாளுக்கு அரை மணி நேரம், நான்கைந்து நாள் இதை மட்டும் செய்தால் காலும் கையும் ஒன்று சேரும். மிதி மெஷினில் சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். பின்னால் ஓடினால் நூல் சிக்கிக்கொள்ளும். அதனால் வலது கையால் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, அப்புறம் மிதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூலையில் திரும்ப ஒரு வழி உண்டு. ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, மெஷினின் பாதத்தை (துணியை அமுக்கிப் பிடிக்கும் பகுதி) தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடருங்கள். பாக்ஸ் பாக்ஸாக நோட்டில் வரைந்து இதையும் பழகுங்கள். பேப்பரில் ஓட்டிய ஊசியைத் துணிக்கு வைக்காதீர்கள், முனை மழுங்கியிருக்கும். பழைய ஊசியைக் கழற்றும் முன் அதன் தட்டையான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துவைத்து, புது ஊசியையும் அப்படியே முழுசாக மேலே ஏற்றி முடுக்குங்கள்.

துணி வாங்குவதும் நனைப்பதும்

முதல் பாவாடைக்குக் காட்டன் துணிதான். ஜார்ஜெட், சாட்டின் எல்லாம் கையில் நிற்காது, வழுக்கும். சின்னச் சின்னப் பூப்போட்ட காட்டன் நல்லது. தையல் கொஞ்சம் கோணினாலும் பூவுக்குள் மறைந்துவிடும். கட்டம், கோடு போட்ட துணியை ஆரம்பத்தில் எடுக்காதீர்கள், ஓரங்கள் பொருந்தாவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

எங்கள் பக்கத்தில் துணிக்கு அலைய வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் சாலையில் இருக்கும் பர்கூர் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் தேடினால் கிடைக்கும். கடையில் 'போச்சம்பள்ளி டிசைன்' என்று காட்டுகிற அந்த இகத் துணி நம் ஊர் பெயரில் வந்தது இல்லை. அது தெலங்கானாவில் இருக்கும் இன்னொரு போச்சம்பள்ளியின் நெசவு. துணியை மீட்டர் கணக்கில் கேட்கும் முன் அகலத்தைக் கேளுங்கள். பாப்ளின் பெரும்பாலும் 36 இன்ச், பூப்போட்ட காட்டன் 44 இன்ச் அளவில் வரும். அகலம் தெரியாமல் நீளம் சொன்னால் கணக்கு தப்பிவிடும்.

வாங்கி வந்த துணியை வெட்டும் முன் நனைத்தே ஆக வேண்டும். ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். காட்டன் முதல் நனைப்பில் மீட்டருக்கு ஒன்றிரண்டு இன்ச் வரை சுருங்கும். என் மகளுக்கு நான் தைத்த முதல் பாவாடை, அவள் பள்ளி விழாவுக்குப் போட்டுக்கொண்டு போனது, முழங்கால் வரை சரியாக இருந்தது. ஒரு துவையலுக்கு அப்புறம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஆசையாகத் தைத்ததை அவள் மறுபடி போடவே இல்லை. அன்றிலிருந்து நனைக்காத துணியில் நான் கத்தரி வைப்பதில்லை. சாயம் போகிற துணியா என்பதும் இந்த நனைப்பிலேயே தெரிந்துவிடும்.

நனைத்துக் காய்ந்த துணியின் வெட்டு முனை நேராக இருக்காது. கரையில், அதாவது நூல் பிரியாமல் நெய்து வரும் பக்க ஓரத்தில், சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துக் கையால் கிழியுங்கள். சாதாரண நெசவுக் காட்டன் நூல் போன போக்கில் நேராகக் கிழியும். அந்த நேர்கோட்டிலிருந்து அளந்தால்தான் பாவாடை ஒரு பக்கம் இழுக்காமல் தொங்கும்.

பிள்ளைக்கு எலாஸ்டிக் பாவாடை

இதுதான் முதல் பாடம். ஆறேழு வயதுப் பெண் குழந்தைக்கு இடுப்பு 21 இன்ச், இடுப்பிலிருந்து முழங்கால் வரை 18 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளையின் அளவை நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அகலம்: சுருக்கு அழகாக விழ இடுப்பைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். 21க்கு 42. 44 இன்ச் அகலத் துணியின் முழு அகலமே போதும், பக்கவாட்டில் வெட்டவே வேண்டாம். பின்னால் ஒரே ஒரு தையல். அதுவும் கரையோடு கரை சேர்ப்பதால் நூல் பிரியாது, ஓவர்லாக் (வெட்டிய ஓரம் பிரியாமல் போடும் தையல்) தேவையில்லை.

நீளம்: பாவாடை நீளம் 18, மேலே எலாஸ்டிக் போகும் பட்டிக்கு 1¾, கீழ் மடிப்புக்கு 1½. மொத்தம் 21¼. ஆனால் நான் இதோடு 4 இன்ச் சேர்த்து 25¼ வெட்டச் சொல்வேன். அந்த 4 இன்ச் டக் (சுற்றிலும் குறுக்கே மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்க. நம் பாட்டிமார் பட்டுப்பாவாடையில் பிடித்தார்களே, அதேதான். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். முக்கால் மீட்டர் துணியில் இது எல்லாம் அடங்கிவிடும்.

முதலில் நல்ல பக்கம் இரண்டும் உள்ளே இருக்கும்படி துணியை மடித்து, இரண்டு கரைகளையும் சேர்த்து அரை இன்ச் உள்ளே மேலிருந்து கீழ் வரை ஒரு தையல். ஆரம்பத்திலும் முடிவிலும் நான்கு தையல் பின்னால் வந்து கட்டுங்கள், இல்லாவிட்டால் அவிழும். தையலுக்கு வெளியே நிற்கும் இரண்டு ஓரங்களையும் இரண்டு பக்கமாக விரித்து வைத்து இஸ்திரி போடுங்கள். கரை இறுக்கமாக இருந்து தையல் சுருக்கினால், கரையில் மட்டும் அங்கங்கே சின்ன வெட்டு கொடுங்கள். இப்போது கையில் ஒரு குழாய் மாதிரி துணி இருக்கும்.

அடுத்து கீழ் மடிப்பு. அரை இன்ச் மடித்து இஸ்திரி, மறுபடி ஒரு இன்ச் மடித்து இஸ்திரி, ஓரத்தை ஒட்டித் தையல்.

அப்புறம் டக். இதைத் துணி தட்டையாக இருக்கும்போதே பிடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அப்படிச் செய்தால் டக்கின் முனைகள் பின் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும், அடுத்த வருஷம் பிரிக்கும்போது பின் தையலையும் பிரிக்க வேண்டி வரும். குழாயாக்கிய பிறகு சுற்றிவரப் பிடித்தால் பிளேடு எடுத்து ஒரு நூலை இழுத்தால் போதும். கீழ் ஓரத்திலிருந்து 3, 5, 7, 9 இன்ச்களில் சுற்றிலும் நான்கு கோடுகள் போடுங்கள். 3ஆம் கோட்டையும் 5ஆம் கோட்டையும் சேர்த்துத் தைத்தால் ஒரு டக். 7ஐயும் 9ஐயும் சேர்த்தால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 2 இன்ச் உள்ளே போகும். இதற்கு மட்டும் தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள், பிரிக்க எளிது. டக்கைக் கீழ் நோக்கி இஸ்திரி போடுங்கள். பிரிக்கும் காலத்தில் உள்ளே இருந்த துணி கொஞ்சம் பளிச்சென்று தெரியும். பூத்துணியில் அது அவ்வளவாகக் கண்ணில் படாது.

கடைசியில் மேல் பட்டி. அரை இன்ச் மடித்து, மறுபடி 1¼ மடித்து, கீழ் ஓரத்தை ஒட்டித் தையுங்கள். பின் தையல் பக்கத்தில் 2 இன்ச் தைக்காமல் விடுங்கள், எலாஸ்டிக் நுழைய. ஒரு இன்ச் அகல எலாஸ்டிக் எடுத்து, இடுப்பு அளவில் 2 குறைத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைக்க 1 கூட்டுங்கள். 21க்கு 20 இன்ச். ஒரு முனையில் ஊக்கு குத்தி உள்ளே தள்ளுங்கள், மறு முனையைக் குண்டூசியால் துணியோடு குத்திவையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும். சுற்றி வந்ததும் எலாஸ்டிக் எங்கும் முறுக்கவில்லை என்று தடவிப் பார்த்து, இரண்டு முனைகளையும் ஒரு இன்ச் மேல் மேல் வைத்துச் சதுரமாகத் தைத்து, விட்ட இடத்தை மூடுங்கள். பின் தையல் வரும் இடத்தில் பட்டியோடு எலாஸ்டிக்கையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டால், துவைக்கும்போது அது உள்ளே உருளாது.

பெரியவர்களுக்கு அதே பாவாடை

வேலை அதேதான், கணக்கு மட்டும் மாறும். சீட் அளவு (பின்பக்கம் அகலமான இடத்தில் எடுக்கும் சுற்றளவு) 38, இடுப்பு 30, நீளம் 36 என்றால் 44 இன்ச் அகலத் துணியில் 40 இன்ச் நீளமாக இரண்டு துண்டுகள். நனைத்தால் சுருங்குவதையும் சேர்த்து இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தையல், இரண்டும் கரையோடு கரை. தடித்த துணி என்றால் இவ்வளவு சுருக்கு வேண்டாம், வயிற்றைச் சுற்றி மூட்டையாகத் தெரியும். சீட் அளவைப் போல் ஒன்றரை மடங்கு போதும். எப்படி வைத்தாலும் தைத்து முடித்த மேல் சுற்றளவு சீட்டை விட 4 இன்ச்சாவது கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலாஸ்டிக் இழுபட்டாலும் துணி ஏறாது.

உள்பாவாடை: நாடா வைத்தது

வீட்டில் எல்லோருக்கும் வேண்டியது, கடையில் வாங்கினால் அளவு சரியாக அமையாதது. குள்ளமானவர்களுக்குக் கீழே இழுக்கும், உயரமானவர்களுக்குச் சேலைக்குக் கீழே கணுக்கால் தெரியும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்த் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு நாடா பாதியில் உருவிக்கொண்டு வரும் தொல்லையும் தெரியும். ஒரு தடவை தைக்கப் பழகிவிட்டால் இதெல்லாம் தீரும்.

36 இன்ச் அகல பாப்ளின் இரண்டேகால் மீட்டர் எடுங்கள். நனைத்துக் காய்ந்ததும் 37 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். இது முடித்த பாவாடை 37 இன்ச் நீளம் வருவதற்கு. மேலே 1½ இன்ச் பட்டி கூடச் சேர்வதால், மடிப்புக்கும் தையலுக்கும் விடுவது அதில் சரியாகப் போகும். உங்கள் நீளம் வேறென்றால் இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மீதியில் முழு அகலத்துக்கு 4 இன்ச் பட்டை இரண்டு வெட்டி வையுங்கள், அது பட்டிக்கு.

இப்போது ஒரு துண்டை நேராக விரியுங்கள். அகலத்தை மூன்றாகப் பிரியுங்கள். மேல் ஓரத்தில் இடது கையிலிருந்து ஒரு பங்கு தள்ளி ஒரு புள்ளி. கீழ் ஓரத்தில் வலது கையிலிருந்து ஒரு பங்கு தள்ளி ஒரு புள்ளி. இரண்டையும் ஸ்கேல் வைத்து ஒரு சாய்ந்த கோட்டால் சேர்த்து, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி அடுத்ததன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே உருவம்: மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு, ஒரு பக்கம் நேர் கரை, மறு பக்கம் சாய்வு. அடுத்த துண்டையும் இப்படியே வெட்டினால் நான்கு பீஸ். துணியில் ஒரு விரல் கூட வீணாகாத வெட்டு இது. யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கைக்கு வணக்கம்.

சேர்க்கும்போது ஒரு பீஸின் சாய்வை அடுத்த பீஸின் நேர் கரையோடு சேருங்கள். சாய்வோடு சாய்வு சேர்த்தால் இரண்டும் இழுபட்டுத் தையல் அலை அலையாக நிற்கும். நேர் கரை கூட இருந்தால் அது சாய்வை இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். எப்போதும் மேலிருந்து கீழே தையுங்கள். சாய்வுப் பக்கம் நேர் பக்கத்தை விட ஒன்றரை, இரண்டு இன்ச் நீளமாக இருக்கும், அந்த மிச்சம் கீழே வந்து நிற்கட்டும், பிறகு வெட்டிவிடலாம். மூன்று தையல்களைப் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டாவது தையல் ஒன்று ஓட்டுங்கள். பாவாடை அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இழுபடுகிற துணி, ஒற்றைத் தையல் தாங்காது.

நான்காவது தையலை மேலிருந்து 6 இன்ச் விட்டு அதற்குக் கீழே தொடங்குங்கள். அந்த 6 இன்ச்தான் பக்கத் திறப்பு. திறப்பின் இரண்டு ஓரங்களையும் கால் கால் இன்ச்சாக இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். திறப்பு முடியும் இடத்தில் குறுக்கே நான்கைந்து தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். கிழிவது எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பட்டிக்கு வைத்த இரண்டு பட்டைகளையும் ஒன்று சேர்த்து, பாவாடையின் மேல் சுற்றளவை விட ஒரு இன்ச் கூட்டி வெட்டுங்கள். இரண்டு முனைகளையும் அரை இன்ச் உள்ளே மடித்துத் தையுங்கள். பட்டியின் நல்ல பக்கத்தைப் பாவாடையின் உள்பக்கத்தோடு வைத்து அரை இன்ச்சில் சுற்றிலும் தைத்து, மேலே திருப்பி, வெளிப்பக்கமாக மடக்கி, ஓரத்தை அரை இன்ச் உள்ளே மடித்து மேல் தையல். முனைகள் திறந்தே இருக்கட்டும், நாடா வர வேண்டுமே. 2 மீட்டர் நாடாவை ஊக்கில் கோத்து உள்ளே விடுங்கள். நாடாவின் நடுவை, பட்டியின் பின்பக்க நடுவில் வைத்துக் குறுக்கே ஒரு தையல் போட்டுவிடுங்கள். இனி துவைத்தாலும் ஆற்றில் இறங்கினாலும் நாடா உருவாது.

கீழ் ஓரத்தைச் சரிசெய்ய, ஒவ்வொரு தையலிலும் பீஸ்களின் நடுவிலும் பட்டியிலிருந்து ஒரே நீளம் அளந்து புள்ளி வைத்து, புள்ளிகளை லேசான வளைவாகச் சேர்த்து வெட்டுங்கள். கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகள் போய்விடும். பிறகு மடித்துத் தையுங்கள். வளைந்த ஓரம் என்பதால் மடிப்பு அரை இன்ச்சுக்கு மேல் வேண்டாம்.

சீட் அளவு 38 வரை இந்தக் கணக்கு சரியாக வரும். அதற்கு மேல் என்றால் மேல் பங்கைக் கொஞ்சம் கூட்டி, கீழ்ப் பங்கைக் குறைத்து வையுங்கள். தையல் போக மேல் சுற்றளவு சீட்டை விட 4 இன்ச் கூட வந்தால் போதும்.

அம்பர்லா

பிள்ளைகள் கேட்பார்கள், சுற்றினால் குடை மாதிரி விரிகிற பாவாடை. பிள்ளையின் சீட் அளவோடு 2 கூட்டி, 6.28 ஆல் வகுத்தால் நடு வட்டத்தின் ஆரம் வரும். சீட் 24 என்றால் 26 ÷ 6.28, ஏறக்குறைய 4 இன்ச். 44க்கு 44 சதுரத் துணியை நான்காக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து 4 இன்ச்சில் ஒரு வளைவு, 22 இன்ச்சில் ஒரு வளைவு வெட்டினால் 18 இன்ச் நீளம் கிடைக்கும். மேலே எலாஸ்டிக்குக்குத் தனிப் பட்டி வைக்க வேண்டும். வெட்டியதும் கீழ் மடிப்பு போடாமல் ஒரு நாள் கொடியில் தொங்கவிடுங்கள். சாய்வான இடங்கள் கீழே இறங்கும். இறங்கியதை வெட்டிவிட்டு மடித்தால்தான் ஓரம் சமமாக நிற்கும். நேர்த்தையல் நன்றாக வந்த பிறகு எடுங்கள் இதை.

மிஞ்சிய துணியில்

பாவாடை வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் மிகப் பிடித்தது சுருக்குப்பை. என் பாட்டி காரிமங்கலம் சந்தைக்குப் போகும்போது இடுப்பில் செருகியிருக்கும். ஒரு பக்கம் வெற்றிலை பாக்கு, ஒரு பக்கம் சில்லறை, எதை எடுக்கவும் பையைப் பார்க்கவே மாட்டார்.

7 இன்ச் அகலம், 18 இன்ச் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். நான்கு மூலைகளிலிருந்தும் நீளவாக்கில் 3 இன்ச் வரை பக்க ஓரத்தை கால் கால் இன்ச்சாக இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்க, துணியைக் குறுக்கே பாதியாக மடித்து, அந்த 3 இன்ச்சுக்குக் கீழிருந்து மடிப்பு வரை இரண்டு பக்கமும் அரை இன்ச்சில் தையுங்கள். மேல் ஓரங்கள் இரண்டையும் தனித்தனியாக அரை இன்ச், பிறகு ஒரு இன்ச் மடித்துத் தைத்தால் கயிறு போகும் வழி ரெடி. 20 இன்ச் கயிறு இரண்டு எடுங்கள். ஒன்று இடப்பக்கம் நுழைந்து சுற்றி இடப்பக்கமே வெளியே வரட்டும், இன்னொன்று வலப்பக்கம் நுழைந்து வலப்பக்கம் வரட்டும். முனைகளை முடிச்சுப் போடுங்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். கம்மல், மாத்திரை, சார்ஜர் ஒயர் எதற்கும் ஆகும்.

தலைமுடிக்கு மாட்டும் துணி பேண்ட் இன்னும் சுலபம். 22க்கு 4 இன்ச் துண்டு, நல்ல பக்கம் உள்ளே வைத்து நீளவாக்கில் தைத்து, ஊக்கு வைத்து நல்ல பக்கத்தைத் திருப்பி, 8 இன்ச் மெல்லிய எலாஸ்டிக் நுழைத்து முடிச்சுப் போட்டு, துணி முனைகளைச் சேர்த்துத் தைத்தால் முடிந்தது. பாவாடைத் துணியிலேயே தைத்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் பை. 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் என்று வந்த பிறகு துணிப்பை கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வீட்டுக்கு நாலு பை தைத்து வைத்தால் வீண் போகாது. தடித்த காடா துணியில் 15 இன்ச் அகலம், 36 இன்ச் நீளம் ஒரு துண்டு, 22க்கு 4 இன்ச் கைப்பிடித் துண்டு இரண்டு. ஊசி 16.

பைக்கு உள்ளே நூல் பிரியாமல் இருக்க இப்படித் தையுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து இரண்டு பக்கமும் கால் இன்ச்சில் தைத்து, பிசிறு நூலை வெட்டி, பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அரைக்குக் கொஞ்சம் குறைவாக மறுபடி ஒரு தையல். வெட்டிய ஓரம் முழுக்க உள்ளே அடைந்துவிடும். ஓவர்லாக் இல்லாத வீட்டில் இந்த இரட்டைத் தையல் பெரிய உபகாரம். அடி அகலமாக இருக்க, கீழ் மூலையை முக்கோணமாக அமுக்கி, குறுக்கே 3 இன்ச் நீளம் வரும் இடத்தில் ஒரு தையல். வாயை அரை, பிறகு 1½ இன்ச் மடித்துத் தையுங்கள். கைப்பிடித் துண்டை நான்காக மடித்து ஒரு இன்ச் பட்டையாக்கி இரண்டு ஓரமும் தைத்து, பையின் வாயில் 1½ இன்ச் உள்ளே வைத்து, ஒரு சதுரமும் அதற்குள் குறுக்கே பெருக்கல் குறியும் வரும்படி தையுங்கள். ஐந்து கிலோ புளி தூக்கினாலும் பிய்யாது.

தையல் சரியாக விழாதபோது

அடிப் பக்கம் நூல் சுருள் சுருளாக வந்தால் பாபினை (அடி நூல் சுற்றியிருக்கும் சின்ன உருளை) குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவில் சரியாக உட்காராததுதான் காரணம். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முழுதாக எடுத்து மறுபடி கோத்துவிடுங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள், அல்லது ஊசி முழுசாக மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தினால் துணியை நகர்த்தும் பல்லுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருக்கும், ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டைக் கழற்றித் துடையுங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் 3 இன்ச் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டால் முதல் தையலிலேயே நூல் சிக்குவது நின்றுவிடும்.

தினமும் தைக்கிறவர்கள் வாரம் ஒரு தடவை மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுபிசுத்து மெஷின் இறுகிவிடும். எண்ணெய் விட்டதும் ஒரு கந்தல் துணியில் பத்து வரி ஓட்டிவிட்டு, அது சுத்தமாக வந்த பிறகு நல்ல துணியை எடுத்து வையுங்கள்.